கேட்க வரமாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்

ஓட்டல் விரிவாக்கம் என்றதும் நமக்கு நினைவு வர வேண்டிய ஊர் கொடைக்கானல். அங்கே பிளசன்ட் ஸ்டே ஓட்டல் இரண்டு தளங்களுக்கு அனுமதி வாங்கி ஏழு தளங்கள் எழுப்பியது. 1994 மே மாதம் அரசு அதற்கு விதிவிலக்கு அளித்தது. பழனி மலைப் பாதுகாப்புக் குழு வழக்குத் தொடுத்தது. 1995-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அந்தக் குழுவுக்குச் சட்டம் தெரிந்தவர்கள் துணை இருந்தார்கள். நம் காலனிகளுக்கு யார் இருக்கிறார்கள்?

பொதுமக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டுத்தானே கட்டுவார்கள் என்று பலர் நம்புகிறோம். அது தவறு. பெரிய சுரங்கம், சிமென்ட் ஆலை போன்றவற்றுக்கு 30 நாள் முன்னறிவிப்புடன் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு. ஆனால் 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கட்டடத் திட்டங்களுக்கு அந்தக் கூட்டத்திலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டருக்குக் குறைந்தால் அந்த அறிவிக்கையின்படி முன் அனுமதியே தேவையில்லை. ரிசார்ட்டும் கட்டடம்தான்.

மல்லாங்கிணறு மானாவாரிக் காட்டுக்கு ரிசார்ட் எங்கே வரப்போகிறது என்று சிரிக்க வேண்டாம். காரியாபட்டி, அருப்புக்கோட்டை வழியாக மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலை போகிறது. சீமைக்கருவேலம் மண்டிய தரிசு அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். அந்தத் தரிசில் பஞ்சமி நிலமும் இருக்கலாம், சுடுகாட்டுப் பாதையும் இருக்கலாம்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892-ல் நம் முன்னோருக்கு நிலம் ஒதுக்க ஆணை பிறந்தது. முதல் 10 ஆண்டு அதை யாருக்கும் விற்கக் கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறி எழுதிய பத்திரம் செல்லாது. அந்த நிலத்தை மீட்கக் கேட்டு நடந்த காரணைப் போராட்டத்தில், 1994 அக்டோபரில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர் கொடுத்தார்கள்.

1980-களில் நடந்த யூ.டி.ஆர். பதிவுக்குப் பிறகு பல ஊர்களில் பஞ்சமி என்ற குறிப்பே கணக்கிலிருந்து காணாமல் போனது. ஆகவே இன்றைய பட்டாவை மட்டும் பார்த்தால் போதாது. யூ.டி.ஆருக்கு முந்தைய 'அ' பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகள் இதைச் செய்யலாம். சர்வே எண்ணைக் குறித்து, 10 ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி, காரியாபட்டி தாலுகா அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். சுற்றுக் கிராமத்தார் கிராம சபையில் தீர்மானம் கேட்கலாம். மல்லாங்கிணறு பேரூராட்சி என்பதால் இங்கே கிராம சபை இல்லை. செயல் அலுவலரிடமும், திங்கள்கிழமை விருதுநகர் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.

கொடைக்கானலில் கட்டடம் எழும்பிய பிறகு வழக்காட வேண்டியிருந்தது. நமக்கு அத்தனை காலமும் இல்லை, காசும் இல்லை. வேலிக்கல் ஊன்றும் முன்பே நம் கையில் அந்தப் பதிவேட்டின் நகல் இருக்கட்டும்.