மூக்கடைப்புக்கு சொட்டு மருந்தா... எத்தனை நாளா போடுறீங்க?

காலையில எழுந்ததும் வரிசையா பத்து தும்மல், ராத்திரி படுத்தா மூக்கடைப்பு. மெடிக்கல் ஷாப்ல சொட்டு மருந்து வாங்கி விட்டா, சில நிமிஷத்துல மூச்சு ஜம்முனு போகும். சிக்கலே அங்கதான் ஆரம்பிக்குது.

சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் வகை மருந்துகள், மூக்குக்குள் வீங்கிய ரத்தக்குழாய்களைச் சுருக்குகின்றன. 3 முதல் 5 நாள் வரை ஓகே. அதைத் தாண்டினால், மருந்தின் வேகம் குறைந்ததுமே குழாய்கள் மறுபடி வீங்கும். திரும்பவும் சொட்டு, திரும்பவும் அடைப்பு. தலையணைக்குப் பக்கத்துல பாட்டில் இல்லாம தூக்கம் வராதுங்கிற நிலை இப்படித்தான் வருது.

நாள்பட்ட அலர்ஜிக்கு டாக்டர்கள் பெரும்பாலும் எழுதுவது ஸ்டீராய்டு ஸ்பிரே. பேரைக் கேட்டு பயப்பட வேண்டாம், உடம்புக்குள் போகும் அளவு ரொம்பக் குறைவு. ஆனா, உடனே கேட்காது. தினமும் அடிச்சாலும் முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். பலரும் நாலு நாள்ல தூக்கிப் போட்டுட்டு பழைய சொட்டுக்கே போயிடுறாங்க. அடிக்கும்போது நுனி மூக்கின் நடுச்சுவரைப் பார்க்காமல், வெளிப்பக்கமாக இருக்கணும். இல்லைன்னா ரத்தம் கசியலாம்.

தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைங்க, தூசிப் பூச்சிகளுக்குப் பிடித்த இடம் அது. உப்பு நீரால் மூக்கைக் கழுவுறவங்க, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரையே எடுங்க. குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். மூளையைத் தாக்கும் அமீபா நுழைவது மூக்கு வழியாகத்தான்.

எப்போதும் ஒரே பக்கம் மட்டும் அடைப்பு, அடிக்கடி ரத்தம்னா, தள்ளிப்போடாம இ.என்.டி டாக்டரைப் பாருங்க.