மழை நாளில் மலைவீட்டில் பார்க்க... அதிகம் பேசப்படாத அனிமேஷன் படங்கள்!

ஜூன் பிறந்துவிட்டால் தேவாலா, பந்தலூர் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும். கூடலூரில் குடை காயவே காயாது. ஊட்டி, குன்னூரில் மழை கொஞ்சம் குறைவுதான் என்றாலும் மேகமும் குளிரும் ஆளை வெளியே விடாது. பள்ளிக்கு விடுமுறை என்று கலெக்டர் அறிவித்துவிட்டால், எஸ்டேட் லைன் வீட்டில் பாட்டி, பேரன், பேத்தி எல்லோரும் ஒரே அறையில். நடுவில் ஒரே ஒரு செல்போன்.

அதில் என்ன பார்ப்பது என்பதில்தான் சண்டை. 'லயன் கிங்', 'ஃப்ரோஸன்' எல்லாம் பார்த்து முடித்தாயிற்று. பாட்டிக்கு அந்த ஆங்கிலமும் புரியாது. ஆனால், பெரிய ஸ்டுடியோக்களின் விளம்பர வெளிச்சம் படாத அருமையான அனிமேஷன் படங்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. அவற்றில் சில, தேயிலை மலைக்காரர்களை மனதில் வைத்தே எடுத்தது போல இருக்கும்.

முதலில் 'பாய் அண்ட் தி வேர்ல்ட்'. பிரேசில் நாட்டு இயக்குநர் ஆலே அப்ரேயு 2013-ல் எடுத்தது. ஒரு கிராமத்துச் சிறுவன். அப்பா வேலை தேடி ரயிலேறிப் போய்விடுகிறார். அவர் புல்லாங்குழலில் வாசித்த ராகம் மட்டும்தான் பையனிடம் மிச்சம். அதைத் தேடிக்கொண்டு அவனும் கிளம்புகிறான். வழியில் பருத்திக் காடு. அங்கே இருமிக்கொண்டே வேலை செய்யும் ஒரு முதியவர், இனி வேண்டாம் என்று கழித்துக்கட்டப்படுகிறார். அடுத்து நெசவாலை. அங்கே புது இயந்திரம் வந்து ஆட்களின் இடத்தைப் பிடிக்கிறது. நீலகிரியில் கொழுந்து பறிக்கும் மெஷின் வந்தபோது லைன்களில் என்ன பேசிக்கொண்டார்களோ, அதே கவலை அந்தப் படத்தின் முகங்களிலும் தெரியும்.

இதில் ஒரு வசதி, மொழி தேவையில்லை. பாத்திரங்கள் பேசுவதெல்லாம் போர்ச்சுகீசிய மொழியைப் பின்னாலிருந்து முன்னால் திருப்பிப் போட்டது. பிரேசில்காரருக்கே புரியாது! ஒரு எஸ்டேட்டில் இன்று படுகு, தமிழ், மலையாளம், கன்னடம் எல்லாம் உண்டு. ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பக்கமிருந்து வேலைக்கு வந்தவர்களின் மொழிகளும் சேர்ந்துவிட்டன. அந்த வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பார்க்கக்கூடிய படம் இது. கிரேயானில் குழந்தை கிறுக்கியது போலத் தொடங்கும் ஓவியம், நகரம் நெருங்க நெருங்க நெரிசலாகிக்கொண்டே போகும். 2016 ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியல் வரைக்கும் போன படம். முடிவில் ஒரு திருப்பம் இருக்கிறது. அதை இங்கே சொன்னால் பார்க்கும்போது சுவை போய்விடும்.

இரண்டாவது, பெரியவர்களுக்கானது. ஜப்பானின் ஜிப்லி ஸ்டுடியோ என்றால் பலரும் மியாசாகியைத்தான் சொல்வார்கள். அவருடைய கூட்டாளி இசாவோ தகஹாதாவின் பெயர் அவ்வளவு தூரம் வரவில்லை. அவர் 1991-ல் எடுத்தது 'ஒன்லி யெஸ்டர்டே'. டோக்கியோவில் ஆபீஸ் வேலை பார்க்கும் 27 வயது டேகோ, விடுமுறைக்குக் கிராமத்துக்குப் போகிறாள். ஊர் சுற்ற இல்லை, குசும்பப்பூ பறிக்க! கூடவே, ஐந்தாம் வகுப்பு படித்த காலத்து நினைவுகளும் அவளோடு வந்துவிடுகின்றன.

குசும்பப்பூச் செடியில் முள் அதிகம். பனி ஈரத்தில் முள் சற்று இளகியிருக்கும் என்பதால் விடியும் முன்பே பறிக்க வேண்டும். அந்தக் காலத்தில் கையுறை இல்லாமல் பறித்த பெண்களின் விரலில் ரத்தம் கசியுமாம். அந்தப் பூவில் எடுத்த சிவப்புச் சாயம் பணக்காரப் பெண்களின் உதட்டுக்குப் போகும். பறித்தவளுக்கு அது ஒருநாளும் கிடைக்காது. ஏற்றுமதித் தேயிலை வெளிநாட்டுக் கோப்பைக்குப் போக, பறித்தவர் வீட்டு அடுப்பில் டஸ்ட் டீ கொதிக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இன்னொரு காட்சியும் முக்கியம். காடும் ஓடையும் வயலும் எவ்வளவு அழகான இயற்கை என்று டேகோ வியக்கிறாள். உடன் வரும் இளைஞன் டோஷியோ, "நீங்கள் இயற்கை என்று நினைப்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக விவசாயிகள் உருவாக்கியது" என்கிற மாதிரி பதில் சொல்கிறான். குன்னூர் வளைவில் காரை நிறுத்தி தேயிலைத் தோட்டத்தைப் போட்டோ எடுக்கிறவர்களும் அதை இயற்கை என்றுதான் நினைக்கிறார்கள். சோலைக்காடும் புல்வெளியும் இருந்த மலைமீது ஆட்கள் வெட்டி, நட்டு, கவாத்து செய்து உண்டாக்கிய பச்சை அது.

படம் மெதுவாகத்தான் போகும். சின்னப் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஆனால், பள்ளியில் மாதவிடாய் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் பகுதியும், பையன்களின் கேலியும், பெண்பிள்ளைகளின் கூச்சமும் வருமிடத்தை அம்மாவும் மகளும் சேர்ந்து பார்க்கலாம். 2016-ல் வந்த ஆங்கிலப் பதிப்பில் டோஷியோவுக்குக் குரல் கொடுத்தவர், 'ஸ்லம்டாக் மில்லியனர்' தேவ் படேல்.

தகஹாதாவின் இன்னொரு படம் 'பாம் போகோ', 1994. தனுக்கி என்பது ஜப்பான் காட்டில் வாழும், நாய்க் குடும்பத்து விலங்கு. நினைத்த உருவத்துக்கு மாறும் என்பது அங்குள்ள நம்பிக்கை. டோக்கியோவுக்கு அருகே டமா குன்றுகளை வெட்டிப் புதுநகர் கட்டுகிறார்கள். இது உண்மையில் நடந்தது. குன்றில் வாழும் தனுக்கிகள் கூட்டம் போட்டு, தீர்மானம் நிறைவேற்றி, மனிதர்களை விரட்டப் பேய் ஊர்வலம் நடத்துகின்றன. ஊரே வாயைப் பிளக்கிறது. கடைசியில் ஒரு கேளிக்கைப் பூங்கா முதலாளி, 'அது எங்கள் விளம்பரம்தான்' என்று பெயரைத் தட்டிக்கொண்டு போகிறார்!

சிரிக்கச் சிரிக்கப் போய், பிறகு சிரிக்க முடியாமல் ஆகிற படம். சாலையில் அடிபட்டுக் கிடக்கும் தனுக்கியைப் பார்க்கும்போது மசினகுடி சாலையின் ஞாபகம் வரும். சீகூர் யானை வழித்தடத்தை அரசு அறிவித்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்து, அங்குள்ள ரிசார்ட்டுகள் காலிசெய்ய வேண்டும் என்றது. யானைக்காக மனிதர்கள் வழக்காடினார்கள். தனுக்கிகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. ஒரு எச்சரிக்கை: ஆண் தனுக்கியின் உடலை வைத்து ஜப்பானியக் கதைகளில் வரும் பச்சையான வேடிக்கை படத்திலும் உண்டு. பாட்டி முகம் சுளிக்கலாம். அல்லது பாட்டிதான் முதலில் சிரிப்பார்.

அரை மணி நேரம் மட்டும் இருந்தால், 'தி மேன் ஹூ பிளான்டட் ட்ரீஸ்'. கனடாவில் ஃப்ரெடெரிக் பாக் 1987-ல் எடுத்து, அடுத்த ஆண்டு ஆஸ்கர் வாங்கியது. வறண்ட மலையில் தனியாக வாழும் ஓர் ஆடு மேய்ப்பவர், தினமும் நல்ல விதையாகப் பொறுக்கி எடுத்து நடுகிறார். வருடங்கள் போகின்றன, காடு வருகிறது, ஓடையில் தண்ணீர் வருகிறது. வண்ணப் பென்சில் கோடுகள் காற்றில் அசைவது போல ஒவ்வொரு காட்சியும் கரைந்து அடுத்ததாகிறது. அழகு! ஆனால், நீலகிரியில் இதைக் காட்டும்போது பெரியவர்கள் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கே புல்வெளிகளில் சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் நட்டதால் காடு வாழவில்லை. மழைநீரைப் பிடித்துவைக்கும் புல்வெளிதான் சுருங்கியது. எந்த மண்ணில் எந்த மரம் என்பது அந்த மேய்ப்பவருக்குத் தெரிந்திருந்தது.

நம் நாட்டுப் படம் ஒன்று: கீதாஞ்சலி ராவின் 'பிரின்டட் ரெயின்போ', 2006. 15 நிமிடம்தான். அடுக்குமாடி வீட்டில் தனியாக ஒரு பாட்டி, துணைக்கு ஒரு பூனை. வெளியுலகம் சாம்பல் நிறம். பாட்டி சேர்த்துவைத்திருக்கும் தீப்பெட்டிகளைத் திறந்தால், அட்டைப் படங்களுக்குள் வண்ண உலகம்! கான் விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் விருதுகள் வாங்கியது. தீப்பெட்டி என்றால் சிவகாசி என்று வளர்ந்த நமக்கு அந்தப் படங்கள் இன்னும் நெருக்கம். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போய்விட, மலையில் தனித்திருக்கும் அம்மாவின் போனுக்கு இதன் லிங்க்கை அனுப்பலாம். அனுப்பிவிட்டுப் போனும் செய்யுங்கள்.

கடைசியாக 'ஃப்ளோ'. லாட்வியா என்ற சின்ன நாட்டிலிருந்து 2024-ல் வந்து, 2025-ல் ஆஸ்கர் வாங்கியது. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் செய்தது. கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அண்ணன்மார் கவனிக்கவும். வெள்ளம் ஏறுகிறது, ஒரு பூனையும் வேறு சில விலங்குகளும் ஒரே படகில். ஒரு வசனம்கூட இல்லை. விலங்குகளின் குரல்கள் நிஜ விலங்குகளுடையவை. கேப்பிபராவுக்கு ஒட்டகக் குட்டியின் குரல்! 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்ததை மறக்காத வீடுகளில், தண்ணீர் ஏறும் காட்சிகளில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் படங்கள் எந்த ஓடிடி-யில் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். பெயரைப் போட்டுத் தேடினால் கிடைத்துவிடும். மழை வலுக்கும் முன்பே டவுன்லோடு செய்து, போனில் சார்ஜும் ஏற்றிவிடுங்கள். கரன்ட் போனால் கூடவே டவரும் போய்விடும்.