எறும்பு உருவிலுள்ள தனிக்குளவி

மாத்தளை மாவட்டத்து மரக்கறித் தோட்டங்களில், வெறுந்தரையிலே உரோமம் அடர்ந்த பெரிய எறும்பொன்று தனியே விரைந்தோடுவதைக் கமக்காரர் காணக்கூடும். இஃது எறும்பன்று, சிறகற்ற பெண் குளவியாகும்.

எறும்பின் உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும், இதனுடையது அவ்வாறன்று. இதற்குப் புற்றோ, கூட்டமோ, அரசியோ இல்லை. ஆணுக்குச் சிறகுண்டு; கொடுக்கு இல்லை. பெண்ணின் கொடுக்கு கடும் வலி தரும். எனினும் மிதித்தாலோ பிடித்தாலோ அன்றிக் கொட்டாது.

பெண் குளவி மண்ணிற் கூடமைக்கும் தேனீ, குளவி ஆகியவற்றின் வளைகளைத் தேடி நுழைந்து, முற்றிய குடம்பியின்மீது முட்டையிடும். பொரிக்கும் புழு அக்குடம்பியை உண்டு வளரும்.

இவ்வகைக் குளவிகளை ஆராய்ந்தோர் சிலரே. இவற்றின் உறவினமாகிய குடக்குருமியா என்னும் சாதியை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக் கார்ல் குரோம்பைன் இலங்கையிலிருந்து விவரித்தது 1979 ஆம் ஆண்டிலேதான்.

தேனீக்குப் பகையாயின் இதனைக் கொல்லலாமோ எனின், வேண்டுவதில்லை. இது திரியுமிடத்தில் மண்வாழ் தேனீயோ குளவியோ குடியிருக்கிறது என்பதே பொருள். கத்தரிப்பூவின் மகரந்தம் நுனித்துளை வழியாகவே வெளிவரும். அதனை அதிர்த்து உதிர்ப்பவை இத்தகைய தேனீக்களே. வளையில் ஊற்றும் நஞ்சு இரண்டையும் மாய்க்கும், காய்ப்பும் குறையும்.

கமக்காரர் செய்யவேண்டியவை:

1. வளைகளில் மண்ணெண்ணெயோ பூச்சிநாசினியோ ஊற்றாதீர்கள்.

2. வரம்போரத்தில் கொத்தாத வெறுந்தரைத் துண்டொன்றை விட்டுவையுங்கள்.

3. பூக்கும் காலத்திற் காலைவேளையில் மருந்து தெளிப்பதைத் தவிருங்கள்.

4. வெறுங்காலுடன் திரியும் சிறுவர் இதனைத் தொடாதிருக்கும்படி எச்சரியுங்கள்.