காறாத மீன் எண்ணெய்: ரொட்டிக்குள்ளும் பால்பொடிக்குள்ளும் போவது எப்படி?

மீன் எண்ணெய் மாத்திரை ஒன்றை ஊசியால் குத்தி, உள்ளே இருக்கும் மஞ்சள் எண்ணெயைத் தட்டில் பிழிந்து ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். முதலில் லேசான கவிச்சிதான் இருக்கும். நாள் ஏற ஏறக் காறல் வாடை கிளம்பும், தொட்ட விரல் பிசுபிசுக்கும். அதே எண்ணெயைப் பொடியாக்கி மாதக்கணக்கில் மூட்டையில் வைக்கிறார்கள். ரொட்டி மாவில் பிசைகிறார்கள். கைக்குழந்தையின் பால்பொடியில் கலக்கிறார்கள். வாடை வருவதில்லை.

எண்ணெய் கெடுவது எதனால் என்று தெரிந்தால் காப்பதும் புரியும். மீன் எண்ணெயின் மதிப்பெல்லாம் அதிலுள்ள டி.எச்.ஏ., இ.பி.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களில் இருக்கிறது. டி.எச்.ஏ. 22 கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலி. அதில் 6 இரட்டைப் பிணைப்புகள். நல்லெண்ணெயில் நிறைய இருக்கும் லினோலெயிக் அமிலத்தில் இரண்டே இரண்டு. இந்தப் பிணைப்புகளால் சங்கிலி விறைத்து நிற்காமல் வளைந்து கிடக்கிறது. உறையும் குளிரிலும் மீனின் உடற்கொழுப்பு இளகியே இருப்பதற்கும், நம் மூளையிலும் விழித்திரையிலும் உள்ள செல்களின் சவ்வு நெகிழ்ந்து கொடுப்பதற்கும் அதுதான் துணை. ஆனால் காற்று புகுவதும் அதே இடத்தில்தான். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே இருக்கும் கார்பனிலிருந்து ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். அங்கே ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். கடைசியில் உடைந்து வெளிவரும் ஆல்டிஹைடுகளைத்தான் நம் மூக்கு காறல் என்கிறது. வெளிச்சமும், துளி இரும்போ செம்போ இருந்தால் அதுவும், இதை விரைவுபடுத்தும்.

பொடி என்றதும் எண்ணெயைக் காயவைத்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். எண்ணெய் காய்வதே இல்லை. உள்ளே அது எண்ணெயாகவே இருக்கிறது. காய்வது அதைச் சுற்றிய உறை.

அந்த உறையைச் செய்வதில் ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வைச் சேர்ந்த மேரி ஆன் அகஸ்டின், லூஸ் சங்குவான்ஸ்ரி ஆகியோரின் வழியை நான் பெரிதும் மதிக்கிறேன். பால் புரதத்தையும் சர்க்கரைப் பொருளையும் நீரில் கரைத்து முதலில் சூடாக்குகிறார்கள். பால்கோவா கிளறும்போது வெள்ளை நிறம் மாறிப் பழுப்பேறுகிறதே, அதே மெய்லார்ட் வினை இங்கே அளவோடு நடக்கிறது. அதில் உண்டாகும் பொருள்களுக்கு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குணம் உண்டு. ஆக, உறை வெறும் சுவராக நிற்காமல் காவலும் காக்கிறது. மைக்ரோமேக்ஸ் என்று இதற்குப் பெயர். குளோவர் கார்ப்பரேஷன் நிறுவனம் இதற்கு உரிமம் பெற்றது.

இந்தக் கரைசலில் எண்ணெயை ஊற்றி, பெரும் அழுத்தத்தில் நுண்துளை வழியே செலுத்தினால் எண்ணெய் மிகச் சிறு துளிகளாக உடையும். பார்வைக்குப் பால் மாதிரி இருக்கும். அதை 180 டிகிரி போன்ற சூட்டில் காற்று சுழலும் கோபுரத்தில் பனித்துளியாகப் பீய்ச்சுகிறார்கள். நீர் நொடிகளில் ஆவியாகிவிடும். ஆவியாகும் நீரே சூட்டை வாங்கிக்கொள்வதால் துளிக்கு அந்தக் கொதிப்பு எட்டாது. அடியில் விழுவது மைதா போன்ற பொடி. அதன் ஒரு மணியை மாதுளம்பழத்தோடு ஒப்பிடலாம்: வெளியே ஒரு தோல், உள்ளே எண்ணெய் முத்துகள் பல. வேறு ஆலைகளில் ஜெலட்டின், வேலம் பிசின், மாற்று ஸ்டார்ச் ஆகியவையும் உறையாகின்றன.

பொடியின் தரம் உள்ளே இருக்கும் எண்ணெயைவிட வெளியே தங்கிவிட்ட எண்ணெயில்தான் தெரியும். மணியின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய்க்குப் பாதுகாப்பு கிடையாது. அதுதான் முதலில் காறும். ஆல்டிஹைடுகள் சொற்பமாக இருந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும் என்பதால், கொஞ்சம் கெட்டாலும் மூட்டை முழுக்க வாடை அடிக்கும். ஆகவே ஆய்வகத்தில் பொடியைக் கரைப்பானில் அலசி, எவ்வளவு எண்ணெய் வெளியே கழுவி வருகிறது என்று எடை போடுகிறார்கள். அடுத்த எதிரி ஈரம். மழைக்காலத்தில் கடலை மிட்டாய்ப் பாகு இளகுவதுபோல உறையும் இளகி, காற்றுக்கு வழிவிடும். அப்படி வரும் ஆக்சிஜன் எட்டாமல் இருக்கத்தான் நைட்ரஜன் நிரப்பிய பைகளில் அடைக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் 2002-ல் டிப் டாப் நிறுவனம் சூரை மீன் எண்ணெய்ப் பொடி கலந்த ரொட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுப்பு எவ்வளவு கொதித்தாலும் ரொட்டியின் உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது என்பது இதற்குச் சாதகம். ஆனாலும் இந்தப் பொடிக்கு உண்மையான தேவை பால்பொடியில்தான் என்பது என் எண்ணம். ரொட்டி தின்பவர் மீனும் தின்னலாம். தாய்ப்பால் கிடைக்காத பச்சிளங்குழந்தைக்கு வேறு வழி இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2020 பிப்ரவரி முதல் குழந்தைப் பால்பொடியில் 100 கலோரிக்கு 20 முதல் 50 மில்லிகிராம் டி.எச்.ஏ. கட்டாயம் என்று விதித்திருக்கிறது. நம் பக்கத்தில், கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மத்தி எண்ணெயை இப்படி உறையிட்டு ஆராய்ந்திருக்கிறது.

பெரியவர்களுக்கு நாளைக்கு டி.எச்.ஏ., இ.பி.ஏ. இரண்டும் சேர்த்து 250 மில்லிகிராம் போதும் என்கிறார்கள். பாதி எண்ணெயும், அந்த எண்ணெயில் கால் பங்கு டி.எச்.ஏ.வும் உள்ள பொடியில் 2 கிராம் எடுத்தாலே அந்த அளவு வந்துவிடும். சாளை கிடைக்கும் ஊரில் வாரம் இரண்டு நாள் குழம்பு வைப்பவர்களுக்கு இந்தச் செலவு வேண்டியதில்லை.

வாங்குபவர்கள் டப்பாவில் 'ஒமேகா-3' என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஆளிவிதை எண்ணெயில் இருப்பதும் ஒமேகா-3தான். ஆனால் உடல் அதில் கொஞ்சத்தைத்தான் டி.எச்.ஏ.வாக மாற்றும். டி.எச்.ஏ. எத்தனை மில்லிகிராம் என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஈரக் கரண்டியைப் போடாதீர்கள். பாதி டப்பா மிச்சமிருந்தாலும், திறக்கும்போது காறல் அடித்தால் குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்காதீர்கள்.