திருநீற்றுப் பொட்டலத்தில் ஒரு தொலைபேசி எண்

“கடவுள்தாங்க அவரை அனுப்பி வைச்சாரு!” நேரலை நிகழ்ச்சிக்கு அழைக்கும் நேயர்கள் இப்படிச் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறேன். விரைவுச்சாலையில் கார் நின்றபோது உதவிய லாரி ஓட்டுநர், மருத்துவமனையில் இரவு முழுக்கத் துணைக்கு உட்கார்ந்திருந்த முகம் தெரியாத பெண் என்று கதைகள் வரும். ஆனால், அனுப்பப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த ஆள் ஒருநாளும் அழைத்ததில்லை. அவருக்கு அது எப்படி இருந்திருக்கும்?

சென்ற புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை மாலை. சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் கால் வைக்க இடமில்லை. தரிசனம் முடித்து வெளியே வந்தால் பக்கத்திலேயே ஃபேரர் பார்க் எம்ஆர்டி நிலையம். எப்போதும் அந்த வழியாகத்தான் வீடு திரும்புவேன். அன்று பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தேன். ரயிலில் கூட்டமாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம். அதற்குமேல் அதைப் பெரிதாக்க நான் விரும்பவில்லை.

நிறுத்தத்தில் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். நல்ல பட்டுச்சேலை. கால்களில் மட்டும் ஒன்று நீலச் செருப்பு, ஒன்று பழுப்பு. பேருந்துகள் வந்து போயின. அவர் எதிலும் ஏறவில்லை.

“எங்க பாட்டி போகணும்?”

“நேவல் பேஸ் முருகன் கோயிலுக்கு. பஸ் வரவே மாட்டேங்குது கண்ணு.”

எனக்குத் திக்கென்றது. செம்பவாங் கடற்படைத் தளம் 1938-இல் திறக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தமிழர்களும் மலையாளிகளும் அங்கே வேலை பார்த்தார்கள். 1971-இல் பிரிட்டிஷ் படை வெளியேறியது. கேன்பரா சாலைப் பக்கம், ஒரு மரத்தடியில் தொடங்கிய அந்த முருகன் கோயிலும் பின்னர் ஈசூனுக்கு இடம் மாறிவிட்டது. இன்று புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் என்று நாம் பங்குனி உத்திரத்துக்குப் போவது அங்கேதான். பாட்டி போக நினைத்த இடத்துக்கு இனி எந்தப் பேருந்தும் போகாது.

அதை அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்த மரத்தைப் பற்றிக் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் சைக்கிளில் டாக்யார்டுக்குப் போனது, பக்கத்து வீட்டு மலையாள அக்கா கொடுத்த பலாப்பழம் என்று கொட்டித் தீர்த்தார். இப்போது குடியிருக்கும் புளோக் எண்ணைக் கேட்டால் மட்டும் பதில் இல்லை. பிள்ளைகள் பெயர் கேட்டேன். என்னையே உற்றுப் பார்த்தார்.

கைப்பையை வாங்கித் துழாவலாம். ஆனால் முன்பின் தெரியாத ஒருத்தி பையில் கை வைத்தால் பயந்துவிடுவார். 999-ஐ அழைக்கக் கைப்பேசியை எடுத்தேன். அந்த நேரத்தில் என் வாயில் ஒரு கேள்வி வந்தது.

“பாட்டி, உங்ககிட்ட திருநீறு இருக்கா?”

பெருமாள் கோயிலில் துளசியும் குங்குமமும் வாங்கிக்கொண்டு வந்தவள் திருநீறு கேட்பானேன்? எனக்குத் தெரியவில்லை. பாட்டி சட்டென்று இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்தார். உள்ளே மடித்த காகிதப் பொட்டலம். என் நெற்றியில் பூசிவிட்டு அதை மறுபடி மடித்தபோது, காகிதத்தின் வெளிப்பக்கத்தில் பேனாவால் எழுதிய எண் தெரிந்தது. மேலே ‘மருமகள்’ என்று இருந்தது.

நாற்பது நிமிடத்தில் மருமகள் டாக்சியில் வந்து இறங்கினார். கோயில் கூட்டத்தில் கை நழுவிப் போனவரைத் தேடி எதிர்ப்பக்கச் சந்துகளில் அலைந்திருக்கிறார். காவல்துறைக்கும் சொல்லியிருந்தார். “கழுத்துல கார்டு மாட்டினா கழட்டிடுறாங்க. கைப்பையை எங்கேயாவது வச்சிட்டு வந்துடுறாங்க. திருநீற மட்டும் விடவே மாட்டாங்கம்மா. அதான் அதுல எழுதி வச்சேன்,” என்றார். பாட்டிக்கு முதுமைமறதி தொடங்கி மூன்று வருடங்கள் ஆகிறதாம்.

யோசித்துப் பார்த்தால், வழிகாட்டல் என்று ஒன்று இருந்தால் அது எனக்கு மட்டும் வந்ததில்லை. மாமியாரின் பழக்கத்தை உட்கார்ந்து கவனித்து அந்தக் காகிதத்தில் எண் எழுதிய கைக்கும் வந்திருக்கிறது. என் கேள்வியைவிட அந்தக் கைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

பெரியபுராணத்தில் இளையான்குடி மாற நாயனார் கதை நினைவுக்கு வருகிறது. மழை இரவில் பசியோடு ஓர் அடியார் வருகிறார். வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. பகலில் விதைத்த நெல்லையே இருட்டில் வயலில் தடவி வாரிக்கொண்டு வருகிறார் நாயனார். வந்தவர் சிவன் என்பது கடைசியில்தான் தெரிகிறது. வாசலில் நின்றபோது அவர் வெறும் பசித்த மனிதர்தான்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் உறுத்துகிறது. என்னை அங்கே நிறுத்தியது கடவுள் என்றால், யாருமே வந்து நிற்காத நிறுத்தங்களின் கணக்கு என்ன? அலுவலகத்தில் மூத்த சக ஊழியர் ஒருவரிடம் கேட்டேன். ஞாயிறுதோறும் தேவாலயத்துக்குப் போகிறவர். “அனுப்பப்பட்டவங்க நிறைய பேர் காதுல இயர்போன் மாட்டியிருப்பாங்க,” என்றார். வானொலிக்காரி நான் என்ன பதில் சொல்வது!

இப்படி ஒருவரைப் பார்த்தால் செய்யவேண்டியது எளிது. திருத்தாதீர்கள், அவசரப்படுத்தாதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். முதுமைமறதி உள்ளவர்களை அழைத்துப் போய் விடுவதற்கென்றே சில எம்ஆர்டி நிலையங்களிலும் நூலகங்களிலும் உதவி இடங்கள் உள்ளன. வீட்டில் பெரியவர் இருந்தால் ‘காரா’ செயலியில் பதிந்துவைக்கலாம். அதோடு, அவர் எதை விடாமல் கையில் வைத்திருக்கிறார் என்றும் பாருங்கள். ஜெபமாலையோ தஸ்பீஹோ வெற்றிலைப் பெட்டியோ, எதுவாகவும் இருக்கலாம்.

பங்குனி உத்திரத்துக்கு மருமகள் அழைத்தார். ஈசூன் கோயிலுக்குப் போனேன். பாட்டிக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. “யாரு இந்தப் பொண்ணு? நெத்தி வெறுமையா இருக்கே,” என்று சுருக்குப் பையை அவிழ்த்தார்.