நகரத்துப் பறவைகள் – 9: பொலிதேயாமாவுக்கு மேலே ஒரு வல்லூறு

சிசிலித் தீவின் பலேர்மோ நம்மவர்களுக்கு அந்நியமான ஊர் இல்லை. ஈழத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே குடியிருக்கிறார்கள். ஊரை ஒட்டி நிற்கும் பெல்லெக்ரீனோ மலையில் இருக்கும் புனித ரொசாலியாவின் குகைக்கோயிலுக்குச் சைவர்களும் நேர்ந்துகொண்டு போகிறார்கள். அந்த மலை நமக்கு இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டும். அங்கே போவதற்கு முன் ஊரின் நடுவில் இருக்கும் பொலிதேயாமா அரங்குப் பக்கம் கொஞ்சம் நிற்போம்.

1874இல் கூரைகூடப் போடாமல் திறக்கப்பட்ட அரங்கு அது. முகப்பின் உச்சியில் நான்கு வெண்கலக் குதிரைகள் தேர் இழுக்கின்றன. நவம்பர் மாதம் மாலை ஐந்து மணி வாக்கில் அண்ணாந்தால், நகர வானத்தில் புகைபோல ஒன்று சுருண்டு, விரிந்து, மறுபடி திரளும். அத்தனையும் ஸ்டார்லிங். குளிர்காலத்தில் நம் வயல்களுக்கு வரும் சூறைக்குருவியின் பங்காளி, மைனாவுக்கும் சொந்தம். வட ஐரோப்பாவின் பனிக்குத் தப்பித் தெற்கே வருபவை.

பகலெல்லாம் ஊருக்கு வெளியே, புல்வெளியிலும் ஆலிவ் தோப்பிலும் மேய்ச்சல். இரை தேடும் விதம் விசேஷமானது. பெரும்பாலான பறவைகளுக்கு அலகை மூடுவதில்தான் பலம். இதற்குத் திறப்பதிலும் பலம். மூடிய அலகை மண்ணில் செருகி, உள்ளேயே விரித்து ஓட்டை போடும். அப்போது கண்கள் முன்பக்கம் திரும்பி அந்த ஓட்டைக்குள்ளேயே பார்க்கும். புழு இருந்தால் தப்பாது. குளிர் முற்றிப் புழு குறைந்ததும் பழத்துக்கும் விதைக்கும் மாறிவிடும். அவை செரிக்க நேரமாகும் என்பதால் குடலே அந்தப் பருவத்தில் நீண்டுவிடுகிறது! வசந்தத்தில் பழையபடி சுருங்கும்.

தின்பது காட்டில்; உறங்குவது மட்டும் ஏன் நகரத்தில்? நகரம் இரண்டொரு டிகிரி கதகதப்பு. வெளிச்சம் இருப்பதால் வேட்டையாட வருபவனும் கண்ணில் படுவான். கணக்கு சரிதான், ஆனால் பெல்லெக்ரீனோ மலையின் செங்குத்துப் பாறைகளில் பொரி வல்லூறு கூடு கட்டுகிறது. 606 மீட்டர் மலை. அங்கிருந்து பறந்தால் நகரம் கூப்பிடு தூரம். உயரத்திலிருந்து பாயும்போது அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும்.

அந்த வேகமே அதற்கு ஆபத்தும்கூட. நெருக்கமான கூட்டத்துக்குள் பாய்ந்து மோதினால் சிறகு ஒடியும். எனவே ஓரத்தில் பிந்திய ஒன்றைத்தான் குறிவைக்கும். ஸ்டார்லிங்குகள் திரள்வது அதனால்தான். ரோமில் இந்தக் கூட்டங்களைப் படமெடுத்து ஆராய்ந்த இயற்பியலாளர்கள் 2008இல் ஒன்று சொன்னார்கள்: ஒவ்வொரு பறவையும் பக்கத்தில் உள்ள ஆறேழு பறவைகளை மட்டுமே கவனித்துத் திரும்புகிறது, அவை எத்தனை தூரத்தில் இருந்தாலும் சரி. தலைவன் கிடையாது. அந்தக் குழுவில் இருந்த ஜோர்ஜோ பரீசி 2021இல் நோபல் பெற்றார். பரிசு பறவைக்காக இல்லை என்றாலும்.

வல்லூறுக்கும் பலேர்மோவுக்கும் உறவு பழையது. இங்கே வளர்ந்து, இந்த ஊர்ப் பேராலயத்திலேயே அடக்கமான பேரரசர் இரண்டாம் பிரெடெரிக், 13ஆம் நூற்றாண்டில் வல்லூறு வேட்டை பற்றிப் பெரிய நூல் எழுதினார். அரிஸ்டாட்டில் சொன்னாலும் கண்ணால் கண்டால்தான் நம்புவேன் என்ற ரகம். பிணந்தின்னிக் கழுகு மோப்பத்தால் இரை தேடுகிறதா என்றறிய, கண்ணைக் கட்டிப் பார்த்தவர். முரட்டுச் சோதனைதான், ஆனால் சோதனை.

  

ஸ்டார்லிங்கால் தொல்லையும் உண்டு. ஆலிவ் தின்ற எச்சத்தில் எண்ணெய். மழை பெய்தால் ஸ்கூட்டர்கள் வழுக்கும். ரோமில் இதற்கு ஒரு வைத்தியம் பார்க்கிறார்கள். பிடிபட்ட ஸ்டார்லிங் எழுப்பும் அலறலைப் பதிவு செய்து, இருட்டும் நேரத்தில் மரத்தடியில் ஒலிபெருக்கி வைத்து ஒலிக்க விடுகிறார்கள். வல்லூறு வந்துவிட்டது என்று கூட்டம் கிளம்பிவிடும். பிறகு அடுத்த தெருவில் கார் நிறுத்தியவர் பாடு.