இரண்டு குண்டுகளின் காவல்

1788-ல் லண்டன் ஆல்பியன் மாவு ஆலையைப் பார்க்கப் போன மேத்யூ போல்டன், அங்கே அரைகல்லைத் தானாகவே சரிசெய்துகொண்டிருந்த ஒரு சுழல் கருவியைப் பற்றித் தன் கூட்டாளி ஜேம்ஸ் வாட்டுக்குக் கடிதம் எழுதினார். காற்றாலைக்காரர்கள் ஏற்கெனவே கையாண்ட உபாயம் அது. வாட் அதை நீராவி எஞ்சினில் பொருத்தினார். காப்புரிமை கோரவில்லை; பெயர் மட்டும் அவருக்கே போய்விட்டது.

எஞ்சினோடு சேர்ந்து சுழலும் செங்குத்துத் தண்டு, அதில் கீல் போட்டுத் தொங்கும் இரண்டு இரும்புக் குண்டுகள். இதுதான் கவர்னர். வேகம் ஏறினால் குண்டுகள் விரிந்து மேலெழும்பும். அவற்றோடு இணைந்த நெம்புகோல் நீராவி வால்வைக் கொஞ்சம் மூடும். வேகம் குறைந்தால் குண்டுகள் இறங்கும், வால்வு திறக்கும்.

கனமான குண்டு குறைவாகத்தான் எழும்பும் என்று தோன்றும். அப்படியில்லை. கீலிலிருந்து குண்டு எவ்வளவு கீழே சுழலும் என்பது வேகத்தை மட்டுமே பொறுத்தது: நிமிடத்துக்கு 60 சுற்றில் சுமார் 25 செ.மீ., 120 சுற்றில் வெறும் 6 செ.மீ. எடை கூடினால் வால்வை அசைக்கும் வலு கூடும், அவ்வளவே. வேகமான எஞ்சின்களில் குண்டு ஏறி இறங்க இடமே மிஞ்சாது என்பதால், 1858-ல் சார்லஸ் போர்ட்டர் தண்டின் நடுவே, குண்டுகளோடு விரியாமல் அவற்றைக் கீழ்நோக்கி மட்டும் இழுக்கும் ஒரு பெரிய எடையையும் ஏற்றினார்.

வேகம் பிசகிய பிறகுதான் கவர்னருக்குச் சேதி தெரியும். தாமதமாகத் தெரிந்து, தேவைக்கு மேல் திருத்தினால் எஞ்சின் ஏறுவதும் இறங்குவதுமாகத் தள்ளாடும். ஜெனரேட்டர் மெக்கானிக்குகள் இதை 'ஹண்டிங்' என்பார்கள். வேடிக்கை என்னவென்றால், பழைய கரடுமுரடான எஞ்சின்களை இது அவ்வளவாகப் படுத்தவில்லை. உராய்வே ஆட்டத்தை அடக்கியது. கடைசல் வேலை நேர்த்தியாகி, பாகங்கள் வழுக்கிக்கொண்டு ஓடத் தொடங்கியதும் தொல்லை பெருகியது. எண்ணெய் உருளைக்குள் நகரும் பிஸ்டனைச் சேர்த்து, போன இழுவையைத் திரும்ப வரவழைக்க வேண்டியதாயிற்று. எந்த நிலையில் ஆட்டம் அடங்கும், எதில் பெருகும் என்பதற்கு 1868-ல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் கணக்குப் போட்டார். கட்டுப்பாட்டுப் பொறியியலுக்கு அதுதான் கால்கோள்.

இன்றைய பெரிய டீசல் ஜெனரேட்டர்கள் பலவற்றில் குண்டுகள் இல்லை. ஃப்ளைவீலின் பற்களை எண்ணும் காந்த உணரியும் ஒரு மின்னணு அட்டையும்தான். எஞ்சின் ஹண்டிங் ஆனால் மெக்கானிக் அந்த அட்டையில் திருத்தத்தின் அளவைத் தீர்மானிக்கும் 'கெயின்' திருகை ஸ்க்ரூடிரைவரால் சற்றே குறைத்துவிட்டு, சத்தம் நிதானப்படுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்.